ஆந்தைக்கோட்டையில் எல்லோரும் ஏன் கிழக்கே பார்க்கிறார்கள்?

என் நாத்தனார் ஒரு துணிப்பையும் ஒரு கணினிப் பையுமாக வீட்டு வாசலில் வந்து நின்றபோது, "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். பிறகுதான், "என்ன ஆச்சு?" என்றேன். அவள் வலது கையை உயர்த்திக் காட்டினாள். கட்டை விரலில் தொடங்கி முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரை நீல நிறத்தில் ஒரு பட்டை சுற்றியிருந்தது.

"கை வலிக்குது அண்ணி. கொஞ்ச நாள் இங்க இருக்கேன்."

நான் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்காரி. வலிக்கிறது என்று சொல்பவர்களைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறேன். எந்தப் பல் என்று கேட்பேனே தவிர, நீங்கள் வலிக்கிறது என்று சொல்வதன் உள்நோக்கம் என்ன என்று யாரையும் கேட்டதில்லை. ஆகவே அவளுக்குச் சாப்பாட்டு மேசையை ஒழித்துக் கொடுத்தேன். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தது என் தப்பு. எங்கள் குடும்பத்தில் எந்த விஷயமும் அவ்வளவு சுலபமாக முடியாது.

நாத்தனாரும் அவள் கணவரும் சேர்ந்து இணையத்தில் வாரம் ஓர் அத்தியாயம் என்று ஒரு படக்கதை வெளியிடுகிறார்கள். அவரை எங்கள் வீட்டில் மாப்பிள்ளை என்போம். அவர் எழுதுவார், இவள் வரைவாள். கதையின் பெயர் ஆந்தைக்கோட்டை. அதில் ஓர் அரசி, அவள் நாடு கடத்திய ஒரு தளபதி, ஒற்றைக்கண் அமைச்சர் ஒருவர், எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காத ஓர் ஆந்தை. நாற்பதாயிரம் பேர் படிக்கிறார்களாம். அதில் பாதிப் பேர் கதையைப் படிப்பவர்கள். மீதிப் பேர் கதையில் இல்லாததைப் படிப்பவர்கள்.

கை எப்படி இப்படி ஆனது என்று கேட்டேன். மாப்பிள்ளை கடைசியாக எழுதிக் கொடுத்த அத்தியாயத்தின் முதல் வரியைக் காட்டினாள். "மலையடிவாரத்தில் மூவாயிரம் குதிரைகள் வந்து நிற்கின்றன" என்று இருந்தது. எழுத ஒரு வாய் காபி குடிக்கும் நேரம் ஆகியிருக்கும்.

"ஒரு குதிரைக்கு நாலு காலு அண்ணி" என்றாள்.

அதற்கு மேல் கணக்குப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. வலிக்கிறது, கொஞ்ச நாள் நிறுத்தலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். "இந்தப் போர் மட்டும் முடிஞ்சிரட்டும்" என்றாராம். ஆந்தைக்கோட்டையில் அந்தப் போர் மூன்று வருஷமாக முடிந்துகொண்டே இருக்கிறது.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை போன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள், கை அப்படி.

"எதுக்குப் போன?"

"கை வலிக்குது."

"அது சரி. உண்மையான காரணம் என்ன?"

அவள் இணைப்பைத் துண்டித்தாள். அடுத்து என் போன் அடித்தது.

"அக்கா, அவ உங்ககிட்ட ஏதாவது மனசு விட்டுச் சொன்னாளா?"

"கை வலிக்குதுன்னு சொன்னா தம்பி."

"அதில்லக்கா. கை வலிக்குதுன்னு யாராவது வீட்ட விட்டுப் போவாங்களா? அதுக்குப் பின்னாடி ஏதோ இருக்கு."

கதை எழுதுகிறவர்களுக்கு இது ஒரு வியாதி. எதற்கும் பின்னாடி ஏதாவது இருந்தே ஆகவேண்டும். முன்னாடி இருப்பது கண்ணுக்கே தெரியாது.

நாத்தனார் என்னிடம் தெளிவாகவே சொன்னாள். "அவனப் பிடிக்காம வரல அண்ணி. எனக்கு அவன் வேணும். ஆனா கை வலிக்குதுன்னு சொன்னா, கை வலிக்குதுன்னு அவன் நம்பணும். நம்புற வரைக்கும் திரும்பிப் போக மாட்டேன்." இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். நீ, வா, போ என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

வந்த இடத்திலாவது சும்மா இருந்தாளா என்றால், அதுதான் இல்லை. பிடிவாதத்தில் அவள் தன் அண்ணனுக்கேற்ற தங்கை. வாசகர்கள் காத்திருப்பார்கள் என்று என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மாப்பிள்ளை மின்னஞ்சலில் அனுப்பும் அத்தியாயங்களை இடது கையால் வரையத் தொடங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். அப்படிக் கடித்தால் பல்லும் போய்விடும் என்று எச்சரித்தேன், என் தொழில் அப்படி. நாங்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட ஆரம்பித்தோம்.

இப்போது என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளை விசாரிப்பது அவர் வேலை. கார் மரத்தில் மோதியது என்று எழுதிக் கொடுத்தால், மோதியதில் மரத்துக்கு என்ன லாபம் என்று யோசித்தே தலைமுடி கொட்டியவர். ஆந்தைக்கோட்டை வாசகர் குழுவில் அவர் ஒரு பெரிய புள்ளி. தங்கை வரையும் கதை என்பதால் அல்ல. அதை அவர் குழுவில் சொன்னதே இல்லை. புதிர் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

தங்கை வந்த பிறகு வெளியான அத்தியாயங்கள் குழுவையே கலக்கிவிட்டன. அரசி, அமைச்சர், காவலாளி, ஆந்தை வரைக்கும் திடீரென்று எல்லோரும் வலது பக்கமே பார்க்கிறார்கள்! என் வீட்டுக்காரர் அந்தப் பக்கங்களை அச்செடுத்து, சிவப்பு மையில் வட்டம் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்.

"வரைபடத்துல வலது பக்கம்னா கிழக்கு. கிழக்குலேருந்து என்னமோ வருது. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, நமக்கு மட்டும் சொல்லல" என்றார்.

இதற்குக் கிழக்குக் கோட்பாடு என்று பெயர் வைத்தார். குழுவில் ஆயிரக்கணக்கானோர் கைதட்டினார்கள். பிறகு ஒருவர், எல்லோருடைய கைகளும் அங்கிக்குள் மறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார். கல்லாக மாறும் சாபமாம். இன்னொருவர், கோடுகள் நடுங்குவதைக் கண்டுபிடித்தார். கோட்டைக்கே பயம் வந்துவிட்டதாம். மூவாயிரம் குதிரைகள் வரவேண்டிய இடத்தில் பக்கம் முழுக்க வெறும் பனிமூட்டம் வந்தபோது, அந்தக் குதிரைகள் முன்பே இறந்துவிட்டவை என்று ஒரு பெண் உருக்கமாக எழுத, பலர் அழுதிருக்கிறார்கள்.

இத்தனையையும் என் வீட்டுக்காரர் உரக்கப் படிப்பார். நாலடி தள்ளி அவருடைய சொந்தத் தங்கை, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் வரைந்துகொண்டிருப்பாள். தண்ணீர் வேண்டும் என்றால் எழுந்து போய், கிழக்குக் கோட்பாடு ஒட்டிய கதவை இடது கையாலேயே திறப்பாள். அவர் நகர்ந்து வழி விடுவார்.

"பக்கத்துலதான இருக்கா, அவளையே கேளுங்களேன்" என்றேன்.

அவர் என்னைக் கோயிலுக்குள் செருப்போடு வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வரையறவங்களையே கேட்டா அது அழுகுணி ஆட்டம்."

அந்தக் குழுவில் கோட்டைக் காவலன் என்று புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தார். குதிரை, சாபம், கிழக்கு எதிலும் அவருக்கு அக்கறை இல்லை. அரசி, அரசி, அரசிதான். 'அரசி கையை மறைப்பது மோதிரத்தைக் கழற்றிவிட்டதாலா?' என்று கேட்பார். 'அரசி தளபதியை வெறுக்கிறாளா, அல்லது வெறுப்பதுபோல் இருக்கிறாளா?' என்பார். ஒரு நாள் என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது வியந்து வியந்து படித்தார்.

"இதக் கேளேன். 'அரசி இடது புருவத்தைத் தூக்கினால் கோபம். தூக்காவிட்டால் அதைவிடக் கோபம். இந்த வாரம் தூக்கவில்லை.' என்ன கூர்மை! அரசிகூடவே குடித்தனம் நடத்தின மாதிரி எழுதறான்."

"நடத்தினவன்தான்" என்றாள் நாத்தனார், தட்டைப் பார்த்தபடி.

அவர் காதில் விழவில்லை. கோட்டைக் காவலனுக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு விழுந்தது. அவளைப் பார்த்தேன். அவள் இடது புருவம் தூக்காமல் அப்படியே இருந்தது.

"நாற்பதாயிரம் பேருகிட்ட கேக்கறான் அண்ணி. நான் சொன்ன பதில் மட்டும் அவனுக்குப் பத்தல" என்றாள். சிரித்துக்கொண்டே சொல்ல முயன்றாள், முடியவில்லை.

அந்த வாரம் அவள் அரசியின் படுக்கையறையை வரைய வேண்டியிருந்தது. கதவை விரியத் திறந்து வைத்துவிட்டாள். "மூடின கதவுன்னா ஆணி, வளையம், மரத்தோட ரேகை எல்லாம் வரையணும் அண்ணி. திறந்த கதவுன்னா உள்ள கறுப்பா நிரப்பிட்டுப் போயிரலாம்" என்றாள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

என் வீட்டுக்காரர் அந்தக் கதவைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். மூன்று வருஷமாக மூடிக் கிடந்த கதவாம். அரசி வாய்விட்டு அழைக்கமாட்டாள், அவள் சுபாவம் அது. ஆகவே கதவைத் திறந்து வைத்திருக்கிறாள். தளபதிக்கு மானம் ரோஷம் இருந்தால் இந்தக் கணமே கிளம்பிப் போக வேண்டும், தாமதித்தால் கதவு மூடிவிடும் என்று முடித்திருந்தார். கீழே கோட்டைக் காவலன், 'நன்றி. புறப்படுகிறேன்' என்று எழுதியிருந்தார்.

"ரசனையான ஆளு" என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் காலையில் அழைப்பு மணி அடித்தது. திறந்தேன். மாப்பிள்ளை. தேய்த்த சட்டை, தேய்க்காத முகம், கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"அக்கா, கதவு திறந்திருந்துச்சு. அதான் வந்தேன்."

"இப்பத்தான தம்பி நான் திறந்தேன்?"

அவர் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. உள்ளே வந்தவரின் கண்ணில் முதலில் பட்டது, நாலடி தள்ளி மேசையில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டி அல்ல. குளிர்சாதனப் பெட்டியின் கதவு.

"கிழக்குக் கோட்பாடு!" என்றார். "மச்சான், அது நீங்களா?"

பல் தேய்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாயில் நுரையோடு ஓடிவந்தார். "கோட்டைக் காவலன் நீங்களா மாப்பிள்ளை?"

அடுத்து நடந்ததை நானே பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிறகு பெட்டிக் கதவுக்கு முன்னால் தோளோடு தோள் நின்று, கைகள் ஏன் மறைந்திருக்கின்றன என்று விவாதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கதையை எழுதுகிறவர், அதைப் படிக்கிறவரிடம், "அரசி மனசுல என்னதான் இருக்கு மச்சான்?" என்று கேட்கிறார். இவர், "நீங்கதான எழுதறீங்க?" என்று கேட்க வேண்டாமா? இல்லை. "அதுக்கு மூணு சாத்தியம் இருக்கு மாப்பிள்ளை" என்று விரல் விடுகிறார்.

நாத்தனார் மேசையைத் தட்டினாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் கிழக்கப் பாக்கறத நிறுத்திட்டு இந்தப் பக்கம் திரும்பறீங்களா?"

திரும்பினார்கள். அவள் திரையில் தளபதியின் முகத்தை வரைந்து காட்டினாள், இடது கையால். முகம் வலது பக்கம் பார்த்தது.

"இடது கையால வரைஞ்சா மூஞ்சி இப்படித்தான் வருது. அந்தப் பக்கம் திருப்ப எனக்கு வரல. விரல் வரைய வரல, அங்கிக்குள்ள விட்டுட்டேன். கோடு நடுங்குது, ஏன்னா கை நடுங்குது. குதிரைக்குப் பதிலா பனி. கதவத் திறந்து வெச்சது ஆணி வரைய முடியாம."

என் வீட்டுக்காரர் பெட்டிக் கதவிலிருந்து ஒரு தாளை மெல்ல உரித்தார். "அப்ப கிழக்குலேருந்து யாருமே வரலியா?" என்றார். நெருங்கிய சொந்தத்தில் ஒரு சாவு விழுந்ததுபோல இருந்தது குரல்.

மாப்பிள்ளை தாளைப் பார்க்கவில்லை. நீலப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோதிரம்?"

"விரல் வீங்கிருச்சு. கழட்டி அண்ணிகிட்ட குடுத்திருக்கேன்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

என் வீட்டுக்காரரின் வாயோரம் வழிந்த நுரைகூட நின்றுவிட்டது.

"சொன்னேன்" என்றாள். "கிளம்பறப்ப சொன்னேன். போன்ல சொன்னேன். போர் முடியட்டும்னு நீ சொன்னப்பவும் சொன்னேன்."

"நான் அத ஒரு..."

"ஒரு?"

"ஒரு சாக்குன்னு நினைச்சேன்."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த கரண்டியை என்ன செய்வது என்றே தெரியவில்லை. நாத்தனார் நிதானமாகவே இருந்தாள். ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் அவர் பக்கம் தள்ளினாள்.

"ஒரு குதிரை வரை."

"எனக்கு வரையத் தெரியாதே!"

"தெரியும்னு யாரு சொன்னா? வரை. நாலு காலும் இருக்கணும்."

மாப்பிள்ளை உட்கார்ந்தார். வரைந்தார், அழித்தார், வரைந்தார். என் வீட்டுக்காரர் உதவ வந்து, பின்னங்கால் எந்தப் பக்கம் மடங்கும் என்பதில் சண்டை போட்டுவிட்டுப் போனார். நான் சமையலை முடித்து, துணி காயப்போட்டுவிட்டு வந்தபோதும் மாப்பிள்ளை மூன்றாவது காலில்தான் இருந்தார். நெற்றி வியர்த்திருந்தது. கடைசியில் அவர் நீட்டிய தாளில் இருந்தது மழையில் நனைந்த ஒரு முக்காலி. கால் நாலு என்பதால் அதுவும் இல்லை. பென்சிலை வைத்துவிட்டுக் கையை உதறினார்.

"வலிக்குதா?" என்று கேட்டாள் நாத்தனார்.

"வலிக்குது."

"நம்பறேன்" என்றாள்.

மாப்பிள்ளை முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நான் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல உள்ளே போய்விட்டேன்.

சாப்பிட்ட பிறகு வாசகர்களுக்கு அறிவிப்பு எழுத உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை முதலில் 'காலத்தின் கரங்கள் சோர்வுற்றபோது' என்று ஆரம்பித்தார். நாத்தனாரின் புருவம் அசையாமல் நின்றதைப் பார்த்து அழித்தார். கடைசியில் இப்படி வந்தது: 'ஓவியருக்குக் கை வலி. குணமாகும் வரை ஆந்தைக்கோட்டை வெளிவராது.'

வெளியிட்ட கையோடு பதில்கள் கொட்டின. என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் உரக்கப் படித்தார்.

"'கை வலியாம்! யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?' 'ஓவியர் என்பது யார்? கோட்டையில் இதுவரை வராத ஒரு பாத்திரம்!' 'அரசி கையை மறைக்கிறாள், இவர்கள் கை வலி என்கிறார்கள். தற்செயலா?' 'கை வலிக்கிறது என்று யாராவது நிறுத்துவார்களா? அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது.'"

கடைசி வரியில் மாப்பிள்ளை தலை நிமிர்ந்தது. அந்தச் சொற்களை எங்கே கேட்டோம் என்று யோசிப்பதுபோல இருந்தார். கேட்டவள் நான் இங்கேதான் நின்றிருந்தேன்.

அவர் தன் சொந்தப் பெயரில், 'உண்மையாகவே கை வலிதான்' என்று பதில் போட்டார். 'நீங்கள் வேறு எப்படிச் சொல்வீர்கள்!' என்று ஆயிரம் பேர் கண்ணடித்தார்கள். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "ஒருவேளை அவங்க சொல்றதுலயும்..." என்று தொடங்கினார். என் கையில் அந்தக் கரண்டி மறுபடியும் இருந்தது. அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மிச்சத் தாள்களை உரிக்கப் போனார்.

கிளம்பும் நேரத்தில் மாப்பிள்ளை வாசலில் நின்று அவளைப் பார்த்தார்.

"எப்ப வர?"

"கை சரியானா வரேன்."

அவர் தலையாட்டினார். ஆனால் போகவில்லை. நெற்றி சுருங்கியது, கண் எங்கேயோ போனது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும், ஒரு குடித்தனம் முழுக்க அதோடுதான் நடத்துகிறேன்.

"என்ன யோசிக்கற?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"கை சரியானா வரேன்னா, கை சரியானா வரேன்னு அர்த்தம்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து, அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"எந்த விரல் ரொம்ப வலிக்குது?" என்று கேட்டார்.

என் மருத்துவமனையில் தினமும் முதலில் கேட்கும் கேள்வி அது. அந்தக் கேள்விக்காக அவள் என் சாப்பாட்டு மேசையில் இத்தனை நாள் காத்திருந்திருக்கிறாள். நாத்தனார் பட்டையை மெதுவாகத் தளர்த்தி, வீங்கிய கட்டை விரலை நீட்டினாள். அவர் குனிந்து, அந்த விரலை மட்டும் பார்த்தார்.